தேன்பெட்டிக்கு முன் பூக்கணக்கு

சற்று நீண்ட பதிவு இது. தேனீ வளர்ப்பில் பணம் போடலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களும், அப்படி எண்ணுகிற உறவினர் வீட்டில் உள்ளவர்களும் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை என் சித்தப்பா ஜீவனஹள்ளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துண்டறிக்கை. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர் அவர். 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டபின், அங்கிருந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களைப் போலவே பிழைப்புக்காகப் பெங்களூருக்குத் தொடர்வண்டி ஏறினார். பல ஆண்டுகள் ஒரு தனியார் நிறுவனத்தில் காவல் பணி. இப்போது ஓய்வு பெற்று, வருங்கால வைப்பு நிதித் தொகை கைக்கு வந்திருக்கிறது. குடியாத்தத்துக்கு அருகில் தாத்தா விட்டுச்சென்ற ஓர் ஏக்கர் நிலம் இருக்கிறது. துண்டறிக்கையை மேசைமேல் வைத்து அவர் கேட்டது ஒன்றே: "நீ புக்கெல்லாம் படிக்கிறவன். இதுல போடலாமா வேணாமான்னு சொல்லுப்பா."

நான் பூச்சியியல் அறிஞன் அல்லன். தென்னிந்தியக் கிராமக் கூட்டுறவு அமைப்புகளின் வரலாறு என் ஆய்வுத் துறை. எனினும் அவ்வரலாற்றைப் படிக்கும் எவரும் தேனீயைத் தவிர்த்துச் செல்ல இயலாது. சித்தப்பாவுக்கு அன்று வாய்மொழியாகச் சொன்னதையே இங்கு ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். சுருங்கச் சொன்னால் என் கருத்து இதுதான்: தேன் தொழிலின் முதலீடு பெட்டியில் இல்லை, பூவில் இருக்கிறது. பூக்கணக்குப் போடாமல் பெட்டியை விற்பவரும் அதை வாங்குபவரும், அப்பெட்டிகளின் எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டும் அரசும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். அப்பிழைக்கான விலையை மட்டும் வாங்குபவர் ஒருவரே கொடுக்கிறார்.

முதலில் துண்டறிக்கையின் கணக்கைப் பார்ப்போம். 50 இத்தாலியத் தேனீப் பெட்டிகள், கூட்டங்களோடு சேர்த்து இரண்டரை இலட்சம் ரூபாய். ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு 40 கிலோ தேன். ஆக 2,000 கிலோ. கிலோவுக்கு 400 ரூபாய் வீதம் எட்டு இலட்சம். பெருக்கலில் பிழை ஏதும் இல்லை. பெருக்கப்பட்ட எண்ணில்தான் பிழை.

இத்தாலியத் தேனீ ஆண்டுக்கு 25 முதல் 40 கிலோ வரை தரும் என்பது உண்மை. ஆனால் அது பூத்த இடத்திலிருந்து பூக்கும் இடத்துக்குப் பெட்டிகளை லாரியில் ஏற்றிச் செல்பவருக்குக் கிடைக்கும் அளவு. ஒரே ஏக்கரில், ஒரே மரத்தடியில் ஆண்டு முழுதும் வைத்திருப்பவருக்கு உரியது அன்று. நிலையாக வைத்த பெட்டி 8 கிலோ தருவதாகக் கொள்வோம். 50 பெட்டிக்கு 400 கிலோ; அதே விலைக்கு ஒன்று அறுபது இலட்சம். பூ இல்லாத மாதங்களில் இத்தாலியத் தேனீக்குச் சர்க்கரைப் பாகு ஊட்டியாக வேண்டும். வாரத்துக்குப் பெட்டிக்கு அரைக் கிலோ சர்க்கரை என்று குறைத்து வைத்தாலும், நான்கு மாதத்துக்கு 50 பெட்டிகளுக்குச் சுமார் 425 கிலோ சர்க்கரை தேவை. எடுக்கும் தேனைவிடக் கொடுக்கும் சர்க்கரையின் எடை மிகுதி. இதில் உண்ணி மருந்து, புதிய மெழுகுத் தாள், கண்ணாடிக் குப்பி, ஓடிப்போகும் கூட்டங்களின் இழப்பு எதையும் நான் சேர்க்கவில்லை. 400 ரூபாய் என்பதும் நேராக உண்பவரிடம் விற்றால் கிடைக்கக்கூடிய விலை. மொத்த வணிகரிடம் சென்றால் அதுவும் இறங்கும்.

இவ்வெண்கள் யாவும் நான் ஊகமாக எடுத்துக்கொண்டவையே. ஊருக்கு ஊர் மாறும். துண்டறிக்கையும் ஊகத்தையே எழுதியிருக்கிறது. ஆனால் அதை ஊகம் என்று சொல்லவில்லை.

எந்தத் தேனீ என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் தேனீக்கள் ஐந்து. உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ நிறையத் தேன் தரும். ஆனால் பெட்டிக்குள் அடங்காது. புதர்க்கிளையில் உள்ளங்கையளவு அடை கட்டும் கொம்புத் தேனீயும் பெட்டிக்கு வராது. கொடுக்கு இல்லாத கொசுத்தேனீ பெட்டியில் வாழும். அதன் தேன் மருந்துக்கு விரும்பப்படுவது, அளவோ மிகக் குறைவு. எஞ்சியவை இரண்டு: மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் பல அடைகள் கட்டும் நம் இந்தியத் தேனீ, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இத்தாலியத் தேனீ. இத்தாலியத் தேனீ 1962இல் இன்றைய இமாசலப் பிரதேசத்தின் நகரோட்டாவில் வெற்றிகரமாக நிலைகொண்டது. தேன் தொழில் பேசுபவர்கள் எல்லாரும் இவ்விரண்டில் ஒன்றையே பேசுகிறார்கள்.

இனி, பூவே முதலீடு என்று நான் சொல்வதன் பொருளுக்கு வருகிறேன்.

புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பற்றிப் பேசுகிறார். முற்றுகையிட்ட வேந்தர்களை நோக்கி, உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு விளைபொருள்களை எண்ணிக் காட்டுகிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக் கிழங்கு, தேன். தேனை உழாத விளைச்சலாக அவர் வைத்ததில் ஆழ்ந்த பொருளியல் உண்மை இருக்கிறது. தேன் எவருடைய உழைப்பாலும் நிலத்திலிருந்து எழுவது அன்று. ஒரு வட்டாரத்தின் மரம், செடி, கொடி அனைத்தும் சேர்ந்து தரும் உபரி. அந்த உபரி இருந்தால்தான் தேன். பறம்பில் இருந்தது, அதனால் கபிலர் எண்ணிக் காட்டினார்.

இந்தியத் தேனீ இரை தேடிச் செல்வது பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள். இத்தாலியத் தேனீ இரண்டு மூன்று கிலோமீட்டர் வரை செல்லும். சித்தப்பாவிடம் ஓர் ஏக்கர் இருக்கிறது. ஆனால் அவர் வைக்கும் பெட்டியின் மேய்ச்சல் நிலமோ பல நூறு ஏக்கர். அவ்வளவும் பிறருடையது. அங்கே எதை நடுவது, எதை வெட்டுவது, எப்போது மருந்தடிப்பது என்பதில் அவருக்கு எந்த உரிமையும் இல்லை. தேனீ வளர்ப்பவர் பிறர் பூவை நம்பி வாழும் குத்தகைதாரர். குத்தகைச் சீட்டும் அவரிடம் இல்லை. "நிலம் இல்லாதவரும் செய்யலாம்" என்று பயிற்சி வகுப்புகளில் இதனைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அது உண்மைதான். நிலம் இல்லாதவர் மற்றவர் நிலத்தைச் சார்ந்திருக்கிறார் என்பதும் அதே உண்மையின் மறுபக்கம்.

பூ உள்ள இடத்தில் இத்தொழில் எப்படி வேரூன்றியது என்பதற்கு நமக்குத் தெரிந்த சிறந்த சான்று மார்த்தாண்டம். சட்டங்களை எடுத்து மாட்டக்கூடிய பெட்டியில் இந்தியத் தேனீயை வளர்க்கும் முறையைத் தென்னிந்தியாவில் முதலில் பரப்பியவர்களுள் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய பாதிரியார் நியூட்டன் குறிப்பிடத்தக்கவர். 1911 முதல் 1917 வரை அவர் பலருக்குப் பயிற்சி அளித்தார். அவர் வடிவமைத்த சிறிய பெட்டி இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. அதன்பின் 1920களில், கே.டி. பால் முன்னெடுத்த ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்புத் திட்டத்தின்கீழ், அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் ஒரு மையம் அமைத்தார். கோழி, முட்டை, நெசவு இவற்றோடு தேனீயும் அங்கே கற்பிக்கப்பட்டது.

ஹாட்சின் முறையில் என்னைக் கவர்ந்தது இது: மக்கள் தம் சொந்த முயற்சியால் செய்ய வேண்டும், அறிந்தவர் அருகிலேயே இருந்து தொடர்ந்து வழிகாட்ட வேண்டும். பெட்டியைக் கொடுத்துவிட்டு நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் முறை அன்று அது. ஒரு வீட்டுக்கு ஒன்று இரண்டு பெட்டிகள், உள்ளூர்த் தேனீ, பக்கத்திலேயே கேட்பதற்கு ஆள், எடுத்த தேனைச் சேர்த்து விற்கக் கூட்டுறவு. இந்த நான்கும் ஒன்றுசேர்ந்ததால் அது நிலைத்தது. மார்த்தாண்டம் தேனுக்கு இன்று புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ஆனால் இந்த நான்கிற்கும் அடியில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அது இரப்பர். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எடுக்கப்படும் தேனில் மிகப் பெரும் பங்கு இரப்பர் தோட்டங்களிலிருந்து வருவது. அத்தேன் பூவிலிருந்துகூட வருவதில்லை. இரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் தை, மாசி, பங்குனி மாதங்களில், இளம் இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகள் இனிப்பு நீரைச் சுரக்கின்றன. தேனீ அதையே தேனாக்குகிறது. அந்தத் தளிர்ப் பருவத்தில் தளிர்களைப் பூஞ்சை தாக்கினாலோ பருவம் தவறி மழை கொட்டினாலோ அவ்வாண்டு தேன் சரியும். பெட்டி அதேதான், ஆளும் அவரேதான், அனுபவமும் குறையவில்லை. மேய்ச்சல் போனதும் வருவாயும் போகிறது. மார்த்தாண்டத்தின் வெற்றியை எடுத்துக்காட்டி மற்ற ஊர்களில் பெட்டி விற்பவர்கள் இரப்பர் தோட்டத்தையும் சேர்த்து விற்பதில்லை.

மார்த்தாண்டம் நமக்குச் சொல்லும் இரண்டாவது பாடம் கசப்பானது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் எனப்படும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களைத் தாக்கியது. நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிரம்பிய பைபோல அறையிலேயே இறக்கும். கேரளத்திலும் குமரியிலும் பத்தில் ஒன்பது பெட்டிகளுக்கு மேல் வெறுமையாயின. குடகிலும் அதே நிலை. தலைமுறையாகத் தேனெடுத்த வீடுகளில் பெட்டிகள் பரணுக்குச் சென்றன. அதன் பிறகே தெற்கில் இத்தாலியத் தேனீ பெரிய அளவில் நுழைந்தது. எஞ்சிய கூட்டங்களிலிருந்து பொறுமையாகப் பெருக்கித்தான் இந்தியத் தேனீ வளர்ப்பு மீண்டது.

அந்த அழிவில் கடனாளியானவர் குறைவாகவே இருந்திருப்பர் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு இரண்டு பெட்டி வைத்திருந்தவர் இழந்தது இரண்டு பெட்டி. அவருக்கு வேறு வேலையும் இருந்தது. ஓய்வூதியத் தொகை முழுவதையும் 50 பெட்டியில் போட்டவருக்கு அதுபோன்ற ஓராண்டு வந்தால் என்ன மிஞ்சும்?

இது வெறும் அச்சம் அன்று. என்னுடன் இளங்கலை படித்த நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டு, ஓசூர்ப் பக்கம் 50 இத்தாலியப் பெட்டிகள் வாங்கி வைத்தார். விற்றவர், தேன் முழுவதையும் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தார். முதல் அறுவடையை அவர் ஆய்வுக்கு அனுப்பி, ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதாகச் சொல்லி வாங்க மறுத்துவிட்டார். அவர் சொன்னது பொய்யும் அன்று. நண்பர் அடைகளின் அறைகள் மெழுகால் மூடப்படும் முன்பே தேனைச் சுழற்றி எடுத்துவிட்டார். மூடிய பின்பே எடுக்க வேண்டும் என்று இரண்டு நாள் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். ஆனால் தவணை கட்டும் நாள் நெருங்கும்போது அது நினைவில் நிற்பதில்லை. ஈரம் மிகுந்த தேன் குப்பியிலேயே புளித்தது. அடுத்த ஆவணி மாதத்தில் அவரிடம் எஞ்சியவை 11 பெட்டிகள். இப்போது மீண்டும் அலுவலகத்துக்குச் செல்கிறார். அவர் வீட்டில் தேனைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இத்தாலியத் தேனீயால் வாழவே முடியாது என்று நான் சொல்லவில்லை, வாழ்கிறார்கள். ஆனால் அவர்கள் வாழ்க்கை துண்டறிக்கையில் உள்ள படத்தைப் போன்றதன்று. இரப்பர் முடிந்தால் வேறு மரம். அது முடிந்தால் வட கர்நாடகத்தின் சூரியகாந்தி வயல். தேனீக்கள் கூடடைந்த பின் இரவில் வாயிலை அடைத்து, லாரியில் ஏற்றி, விடியுமுன் இறக்க வேண்டும். இறக்கிய இடத்தில் கூடாரம் அடித்துக் காவல் இருக்க வேண்டும். பல இடங்களில் தோட்டக்காரருக்குத் தேன் கொடுத்தே இடம் பெறுகிறார்கள். ஆண்டில் பாதி நாள் வீட்டில் இல்லாதவருடைய தொழில் அது. ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, "பகுதி நேர வருமானம்" என்று நம்பித் தொடங்குவதற்கு உரியதன்று.

அடுத்தது சந்தை. நல்ல தேன் எடுத்துவிட்டால் விலை தானாக வரும் என்பது இன்னொரு நம்பிக்கை. 2020 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. சந்தையில் விற்கும் 13 தேன் முத்திரைகளைச் சோதித்ததில், அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் உயர்நிலைச் சோதனையில் 3 முத்திரைகள் மட்டுமே தேறின என்றது. நம் நாட்டின் வழக்கமான சோதனைகளில் தேறிவிடும்படியே தயாரிக்கப்பட்ட சர்க்கரைப் பாகுகள் விற்பனைக்குக் கிடைப்பதையும் அது சுட்டியது. நிறுவனங்கள் பல இதனை மறுத்தன. யார் சொன்னது சரி என்ற வழக்கை இங்கு நான் நடத்தவில்லை. அந்த ஆய்வு எங்கிருந்து தொடங்கியது என்பதே எனக்கு முக்கியம். தேனின் தேவை கூடுகிறது, எங்களுக்குக் கிடைக்கும் விலையோ இறங்குகிறது என்று வடஇந்தியத் தேனீ வளர்ப்போர் முறையிட்டதே அதற்குத் தூண்டுகோல். அரிசிப் பாகின் விலையோடு போட்டியிட வேண்டிய நிலையில் எந்தத் தேனீயும் வெல்லாது.

வாங்குபவர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. தேன் உறைந்தால் சர்க்கரை கலந்தது என்று திருப்பிக் கொடுக்கிறோம். உண்மையில் குளுக்கோஸ் மிகுந்த தேன் இயல்பாகவே உறையும். இரப்பர்த் தேனும் சூரியகாந்தித் தேனும் விரைவில் உறைபவை. தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது ஆகியவற்றால் கலப்படத்தைக் கண்டுபிடிக்க இயலாது. இப்படிப்பட்ட சோதனைகளை நம்பி நேர்மையான சிறு உற்பத்தியாளரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒருபோதும் உறையாத, ஆண்டு முழுதும் ஒரே நிறத்தில் இருக்கும் குப்பியை அங்காடியில் எடுத்துக்கொள்கிறோம்.

அரசின் பங்கு என்ன? 2020இல் நடுவண் அரசு தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்தை 500 கோடி ரூபாயில் அறிவித்தது. அதன் திட்டத்தில் ஆய்வகம், பதப்படுத்தும் கூடம், உற்பத்தியாளர் குழு எல்லாம் இடம்பெறுகின்றன. கதர் கிராமத் தொழில் ஆணையமும் பெட்டிகளை வழங்குகிறது. நம் நகரின் காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திராவில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புக்கெனத் தனித் துறையே இருக்கிறது. ஆகவே அறிவுக்கும் பணத்துக்கும் பஞ்சம் இல்லை. ஆனால் விழா மேடைகளில் அறிவிக்கப்படுவது எத்தனை பெட்டிகள் வழங்கப்பட்டன என்பதே. மூன்றாண்டு கழித்து அவற்றுள் எத்தனையில் தேனீ இருக்கிறது என்ற எண்ணை மேடையில் எவரும் படித்து நான் கேட்டதில்லை. என் வேண்டுகோள் அந்த இரண்டாவது எண்ணை வெளியிட வேண்டும் என்பதே. அது வெளிவரத் தொடங்கினால் மற்றவை தாமே திருந்தும். பூ இல்லாத ஊரில் பெட்டி கொடுக்க அலுவலர் தயங்குவார்; வட்டாரத்துக்கு ஒரு வழிகாட்டி வேண்டும் என்பது புரியும்; ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்றேனும் கூட்டுறவுக் கடையில் இருக்க வேண்டும் என்பதும் புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேனீயின் பெரும்பயன் தேனில் இல்லை, மகரந்தச் சேர்க்கையில் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாதுமைத் தோட்டக்காரர்கள் பூக்கும் பருவத்தில் தேனீப் பெட்டிக்கு வாடகை கொடுக்கிறார்கள். இமாசலத்தின் ஆப்பிள் தோட்டங்களிலும் அவ்வழக்கம் உண்டு. தெற்கிலோ பெரும்பாலும் தேனீ வளர்ப்பவரே இடத்துக்காகக் கெஞ்சுகிறார். தம் விளைச்சலைக் கூட்டித் தருபவரிடமே தோட்டக்காரர் தேன் வாங்கிக்கொள்கிறார். இந்த உறவை மாற்றாத வரை, தேனின் விலை ஒன்றை மட்டும் நம்பி இத்தொழிலை இலாபத்தில் நடத்துவது கடினம்.

இவ்வளவும் சொன்ன பிறகு சித்தப்பா, "அப்போ வேணாம்னு சொல்ற" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னவை இவை.

இந்த ஆண்டு பெட்டி வாங்க வேண்டாம். ஒரு நாட்காட்டி வாங்குங்கள். நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடந்து, எந்த மாதம் எது பூக்கிறது என்று எழுதுங்கள். அங்கே தென்னை இருக்கிறது. அது ஆண்டு முழுதும் மகரந்தம் தரும். வேம்பும் நாவலும் புங்கமும் கோடைத் தொடக்கத்தில் பூக்கும், அதன்பின் புளி. முருங்கை நல்ல மேய்ச்சல். எல்லாரும் திட்டும் சீமைக்கருவேல்கூடத் தேனீக்கு உணவு. மா நிறைய இருக்கிறது. ஆனால் பூக்கும் பருவத்தில்தான் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பார்கள். அண்டைத் தோட்டக்காரர்களிடம் போய், எந்த வாரம் அடிப்பீர்கள், மாலையில் அடிக்க முடியுமா என்று கேளுங்கள். அந்தப் பேச்சுக்கு இணங்காத ஊரில் பெட்டி வைப்பது வீண்.

அடுத்த ஆண்டு இரண்டே பெட்டி, இந்தியத் தேனீ. நிழலில், காற்று அடிக்காத இடத்தில், கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தி எறும்பைத் தடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். மெழுகு அந்துப்பூச்சி வந்தால் எப்படி இருக்கும், கூட்டம் பிரியப் போகும்போது இராணி அறை எங்கே தொங்கும், பட்டினியால் கூட்டம் ஓடிப்போகும் முன் என்ன குறி காட்டும் என்பவற்றைப் புத்தகத்தில் கற்க முடியாது. முதல் ஆண்டு தேனை எதிர்பார்க்க வேண்டாம். எடுத்தால் மேல் அறையில் மெழுகு மூடிய அடையிலிருந்து மட்டும் எடுங்கள். புழு அறையில் உள்ளது அவற்றின் உணவு.

இரண்டும் நிலைத்து நான்கானால், நான்கு எட்டானால், அதன்பின் தொழில் என்று பேசலாம். அப்போதும் தனியாக வேண்டாம். பக்கத்து ஊரில் பெட்டி வைத்திருப்பவர் ஐந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று, எந்தப் பருவத்துத் தேன், எந்த மரத்துத் தேன் என்று குப்பியில் எழுதி, ஜீவனஹள்ளியிலும் காக்ஸ் டவுனிலும் நம்மை அறிந்த வீடுகளுக்கு நேராக விற்கலாம். வைப்பு நிதித் தொகையை அதுவரை வங்கியிலேயே வைத்திருங்கள்.

பேசிக்கொண்டே தெருவுக்கு வந்தோம். எங்கள் தெருமுனையில் உள்ள புங்க மரம் சித்திரையில் பூத்து, நடைபாதை முழுதும் உதிரும். சென்ற ஆண்டு அதே பருவத்தில் பக்கத்து அடுக்ககத்தின் நீர்த்தொட்டியின் அடியில் மலைத்தேனீ அடை கட்டியது. குழந்தைகளைக் கொட்டிவிடும் என்று அஞ்சி, இரவோடு இரவாக மருந்தடித்துக் கொன்றார்கள். காலையில் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினார்கள். அச்சம் நியாயமானது, மலைத்தேனீ சினந்தால் ஆபத்துதான். ஆனால் பூப் பருவம் முடிந்ததும் அவை தாமே கிளம்பிச் செல்பவை. அந்தத் தளத்தைச் சில வாரம் பூட்டி வைத்திருக்கலாம். சித்தப்பா அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "காசு குடுத்துக் கொன்னாங்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். துண்டறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எறியவில்லை. அவர் இன்னும் முழுதாக மனம் மாறவில்லை என்பது எனக்குத் தெரியும். சலுகை விலை இம்மாத இறுதிவரைதான் என்று அதில் அச்சிட்டிருக்கிறது.

ஆனால் செவ்வாய்க்கிழமை குடியாத்தத்திலிருந்து அழைத்தார். நாட்காட்டியோடு நடந்திருக்கிறார். வேம்பு, புளி, முருங்கை, தென்னை எல்லாம் எழுதியாயிற்று. ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் எதிரே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பெட்டி வைத்திருக்கும் நண்பர்கள் எவரேனும் இதைப் படித்தால், அந்த மழை மாதங்களில் உங்கள் தேனீக்கள் எதில் மேய்கின்றன என்று இங்கே எழுதுங்கள். அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.